உடும்பு நடை

சாத்தூரில் என் மகள் படிக்கும் கராத்தே வகுப்பில், "உடும்பு நடை!" என்று மாஸ்டர் கத்தினார். பிள்ளைகள் வயிறு தரையில் உரச, கையும் காலும் மாற்றி மாற்றி வைத்து ஊர்ந்தார்கள். சிமெண்டில் உள்ளங்கைகள் தேயும் அந்தச் சத்தம் என்னை நான் பிறந்து வளர்ந்த விஸ்வநத்தத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது அப்பாவும் அம்மாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். சில நாட்களாக அப்பா முழங்கையில் சிராய்ப்பும் சட்டையெல்லாம் செம்மண்ணுமாகத் தாமதமாக வந்தார்.

"எங்கன விழுந்து எந்திரிச்சு வாரீக?" என்பாள் அம்மா. அவர் சட்டையைக் கழற்றி உதறுவார். பக்கத்தில் போய் வாயை மோந்து பார்ப்பாள். சாராய வாடை இருக்காது. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். வறண்ட கண்மாய்க்குள் அப்பா உடும்பைப் போல ஊர்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, கிறுக்கு புடிச்சிருச்சா?"

அப்பா தலையை நிமிர்த்தினார். "பக்கத்துக் கம்பெனி தீ விபத்துல நிமிந்து ஓடுனவுக புகையிலயே விழுந்துட்டாக. தரையோட ஊர்ந்தவுகதான் வெளிய வந்தாக. உன்கிட்ட சொன்னா பயந்துருவன்னு சொல்லல."

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் பக்கத்தில் குப்புறப் படுத்தாள்.

"முதல்ல எந்தக் கைய வைக்கணும்?"