பாப்பாவுக்கு மார்க் குறைய வேண்டும்

பெற்ற மகள் கணக்கில் தோற்க வேண்டும் என்று காத்திருந்த தாய் உண்டா என்று கேட்டால், உண்டு. அவளே கணக்கு டீச்சராகவும் இருந்தாள் என்பதுதான் வேடிக்கை.

கூடப் பிறந்த அக்காமார் இரண்டு பேரும் தங்கையும் தாய் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டுவிட்டார்கள். படித்த பாவத்துக்கு இவள் மட்டும் வீட்டுக்காரரையும் மகள் பாப்பாவையும் ஊரில் விட்டுவிட்டு விமானம் ஏறி வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்கு வந்தாள். தங்குவதற்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு சன்னல். சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் மூடிய சன்னல்தான் தெரியும். இன்னொரு கட்டில், அதே பள்ளியில் வேலை பார்த்த அறிவியல் டீச்சருடையது.

நம் டீச்சருக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது. விடைத்தாளை நின்றுகொண்டே திருத்துவாள். நாலு தாள் முடிந்ததும் வராந்தாவுக்குப் போய்த் துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பாள். திரும்பி வந்து, மடித்து வைத்த புடவையை உதறி மறுபடியும் மடிப்பாள்.

“கொஞ்சம் உக்காரேன்ம்மா. பாக்கிற எனக்கே கால் வலிக்குது” என்பாள் அறிவியல் டீச்சர்.

“உக்காந்தா மட்டும் என்ன, ஊரா வந்துடப் போகுது?”

ஒப்பந்தம் முடிகிற நேரம் அது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லித் தலைமை ஆசிரியர் தாளைக் கொடுத்திருந்தார். திரும்பி வந்துவிடுகிறேன் என்று அவள் போனில் சொன்னதற்கு, வீட்டுக்காரர் பிடி கொடுக்கவில்லை.

“மாடி பாதியில நிக்குது. இப்போ வேலைய விடறதுன்னா ஒரு காரணம் வேணாமா? பாப்பா படிப்பு கெடுதுன்னு சொல்லு, நானே டிக்கெட் போடறேன். அவ நல்லாப் படிச்சா நீ கையெழுத்துப் போடு. அரையாண்டு மார்க் வரட்டும், பாத்துக்கலாம்.”

டீச்சர் உடனே சரி என்றாள். பாப்பாவுக்குக் கணக்கு என்றால் வேப்பங்காய். தோற்பதில் சந்தேகமே இல்லை என்ற தைரியம் அவளுக்கு.

அதற்காகச் சொல்லிக்கொடுப்பதில் குறை வைத்தாளா என்றால், இல்லை. அதற்கு அவளுக்கு மனசு வராது. தினம் சாயங்காலம் போனில் பாடம் நடக்கும். பாப்பா ஒரு கணக்கைப் போட்டுத் தாளைத் தூக்கிக் காட்டி, “சரியாம்மா?” என்று கேட்பாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் டீச்சர் பகல் முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். விடை தப்பாக இருந்தால் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளும். சீ, நீயெல்லாம் ஒரு தாயா என்று உடனே தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து விளக்குவாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு பெரிய வகுத்தல் கணக்குக் கொடுத்தாள். பாப்பா போட்டு முடித்தாள். “சரியாம்மா?” வரவில்லை. குனிந்தபடியே இன்னும் ஏதோ எழுதினாள். பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

“ஏய், என்னடி பண்ணின இப்போ?”

“வந்த விடையத் திருப்பிப் பெருக்கி, மீதியக் கூட்டிப் பாத்தேன். சரியா இருந்துச்சு.”

“சரியா தப்பான்னு சொல்லத்தான் நான் இருக்கேன்ல?”

“பரீட்சைல நீ இருக்க மாட்டியேம்மா.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. சரிபார்க்க அவள் பாப்பாவுக்குக் கற்றுத் தந்ததே இல்லை. பிள்ளை தன்னைக் கேட்கட்டும் என்று விட்டிருந்தாள். இது வேறு ஒரு வாத்தியார் பழக்கிய கை.

“யாரு சொல்லிக்குடுத்தது?”

பாப்பா பென்சில் முனையைக் கடித்தாள். “சித்தி. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க.”

சித்தி என்றால் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி, டீச்சரின் ஓரகத்தி. ஒரே அடுப்படியில் இருந்த காலத்தில் எந்த டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் தினம் முட்டிக்கொள்ளும். விமானம் ஏறிய பிறகு ‘நல்லா இருக்கீங்களா’வுக்கு மேல் பேச்சில்லை.

“போனைச் சித்திகிட்ட குடுத்துட்டு நீ வாசல்ல போய் விளையாடு.”

ஓரகத்தி பயந்துகொண்டேதான் வந்தாள். “அக்கா…”

“உன்ன யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா. தப்பாப் போட்டா அம்மா முகம் ஒரு மாதிரி ஆயிடுதுன்னு பாப்பா அழுதுச்சு. சரி, நீங்களாவது அங்க நிம்மதியா இருக்கணுமேன்னு…”

“நிம்மதியா! நல்லது பண்றேன்னு என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டியே. அவ மார்க் குறைஞ்சாதானே அவரு என்னை வரச் சொல்லுவாரு!”

 அந்தப் பக்கத்திலிருந்து குபீரென்று சிரிப்பு.

“ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் பாஸாகணும், சொந்தப் பிள்ளை மட்டும் ஃபெயிலாகணுமா? நல்ல டீச்சர்க்கா நீங்க!”

“சிரிக்காத. எரிச்சலா வருது.” சொல்லும்போதே டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு.

“வரணும்னா வாங்கக்கா. எனக்கும் சண்டை போட ஆளில்லாம போரடிக்குது. அதுக்குப் பாப்பாவ எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?”

அரையாண்டு மார்க் வந்தது. மதிய இடைவேளையில் வீட்டுக்காரர் போன் செய்தார், குரலில் பூரிப்பு தாங்கவில்லை.

“பாத்தியா? வகுப்புலயே கணக்குல இரண்டாவது! கையெழுத்துப் போட்டாச்சா?”

“போடலங்க.”

“ஏன்? புள்ளதான் நல்லாப் படிக்குதே.”

“படிக்குதுங்க. எனக்குத்தான் இருக்க முடியல.”

“உடம்புக்கு என்ன?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. எனக்கு வீட்டுக்கு வரணும்.”

“அதான், எதுக்கு?”

“எதுக்கும் இல்ல. வரணும். அவ்வளவுதான்.”

அவர் தொண்டையைச் செருமினார். “மாடி…”

“மாடி நிக்கட்டும். ஓடியா போயிடும்?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார்.

“யோசிங்க. நான் டிக்கெட் பாத்துட்டுச் சொல்றேன்.”

போனை வைத்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்த அறிவியல் டீச்சர், “என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். “இன்னும் ஒன்னும் சொல்லல” என்று பதில் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாத தாளை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்கு நடந்தாள்.