தம்பியின் இரத்தம் வேண்டாம்: முரசுமோட்டையிலிருந்து வவுனியாவுக்கு

குருத்துக்கல (ஸ்டெம் செல்) மாற்றுச் சிகிச்சை முடிந்து கொழும்பிலிருந்து முரசுமோட்டை வீட்டுக்கு வந்தபின், வாராவாரம் வவுனியா ஆஸ்பத்திரியில் எனக்கு இரத்தப் பரிசோதனை. குருத்துக்கலம் தந்தவன் என் தம்பி சுதன். என்னை ஏற்றிப்போகும் வானை ஓட்டுபவனும் அவன்தான். என்னைப்போல் போய்வருகிறவர்களுக்காகச் சென்ற மாதப் பயணத்தை எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர். இருமலும் தும்மலும் நிறைந்த பஸ் எனக்கு இப்போதைக்கு ஆகாது.

கனகராயன்குளத்தை நெருங்கும்போது மூக்கால் இரத்தம் கொட்டத் தொடங்கியது. இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைந்தால் இப்படித்தான். சுதன் பதறிப்போனான்.

"அண்ணாந்து பார் அக்கா, அண்ணாந்து பார்!"

"நீ முதல்ல ரோட்டைப் பாரடா!"

அண்ணாந்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். வானை ஓரங்கட்டச் சொல்லி, முன்னால் குனிந்து, மூக்கின் மெல்லிய பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தேன். ரோட்டோரத் தேத்தண்ணிக்கடைக்கார நானா ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றித் தந்தார். குறைந்தது, நிற்கவில்லை. பயந்துதான் போனேன், மறைப்பானேன்? ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தோம்.

வவுனியா போய்ச் சேர்ந்ததும், பிளேட்லெட் ஏற்றத்தான் வேண்டும் என்றார் டொக்டர். சுதன் உடனே சட்டைக் கையை மடித்தான்.

"என்ர இரத்தத்தை எடுங்கோ டொக்டர். குருத்துக்கலமே குடுத்தனான், இதென்ன பெரிய விசயம்?"

"வேண்டாம் தம்பி. சொந்தக்காரரின்ர வெள்ளைக் கலங்கள் அவான்ர உடம்போட சண்டைக்கு நிக்கும். கதிர் பாய்ச்சி அந்தக் கலங்களை முடக்கின பக்கற்றைத்தான் ஏத்தலாம். போன கிழமையே பிளேட்லெட் குறையிறதைக் கண்டு, நேற்றே கொழும்பில இருந்து எடுப்பிச்சு வைச்சிருக்கிறம்."

சுதனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. மூலையில் கிடந்த மரவாங்கில் போய் இருந்துகொண்டான்.

பக்கற் ஏறும்போது நினைத்தவை: புறப்படுமுன் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். இரத்தக்கசிவைக் கூட்டும் அஸ்பிரின் பக்கமே போகாதீர்கள். காய்ச்சல் காய்ந்தால், குளிசை போட்டுப் படுத்துப் பார்ப்போம் என்ற கதையே வேண்டாம், அந்த நிமிடமே கிளம்புங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும், மாற்றுச் சிகிச்சை செய்தவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மத்தியானத்துக்குள் இரத்தம் நின்றது. அப்பாடா! நாங்கள் புறப்படும்போது டொக்டர் சுதன் இருந்த வாங்கடிக்கு வந்தார்.

"என்ன தம்பி, கோவமோ? நீங்கள் குடுத்தது அவான்ர எலும்புக்குள்ள நல்லா வேர் பிடிச்சிட்டுது. வெள்ளைக் கலம் தானா ஏறுது. பிளேட்லெட் கொஞ்சம் பிந்தித்தான் வரும். இனி அவாவில ஊறப்போறது முழுக்க உங்கட இரத்தம்தான். பிறகேன் உங்களிட்ட எடுத்து மேலால ஊத்தவேணும்?"

தடிமாடு மாதிரி வளர்ந்தவன், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதான்.