நெட்டையன் தலைக்கே எல்லாப் பந்தும்

தோட்டத்து ஃபுட்போல் டீமுக்குப் பயிற்சி கொடுக்கிறவனுக்குக் காலுக்கு முன்னால் தேய்வது தொண்டைதான். நிவித்திகலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஏழு வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எதிரிக்கும் தெரியும்

எங்கள் டீமில் சிவா என்று ஒரு நெட்டையன், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். யார் காலில் பந்து கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அவன் தலைக்குத் தூக்கி அடிப்பார்கள். எங்களுக்கு அது ஒன்றுதான் வித்தை.

குருவிட்டயில் ஒரு மேட்ச். நாங்கள் பந்தைத் தொடுவதற்கு முன்பே அவர்களுடைய கோல் கீப்பர் சிவாவைக் காட்டிச் சிங்களத்தில் கத்துகிறான். நெட்டையனுக்குத்தான் மறுபடியும் வருகிறது என்கிறான். எங்கள் பதினொரு பேருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கேட்டுக்கொண்டே அதே இடத்துக்கு அடித்தார்கள். மூன்று கோலில் தோற்றோம். கீப்பர் கைகொடுக்கும்போதும் அதையே சொல்லிச் சிரித்தான்:

"ஆயெத் உச எக்கெனாட்டமய், மாஸ்டர்!"

கைதட்டல்

அடுத்த நாளே பழைய டயர்களை வரிசையாக வைத்து, பந்தை நிலத்தில் உருட்டி, ஓரமாகக் கொண்டுபோய், உள்ளே திருப்பிக் கொடுக்கப் பழக்கினேன். இரண்டு வாரம் பழகினார்கள். அடுத்த மேட்ச் தொடங்கி ஐந்தாவது நிமிஷம் பந்து மறுபடியும் ஆகாயத்தில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் கேப்டன் ரிஸ்வானைப் பிடித்து ஏன் என்று கேட்டேன்.

"உருட்டி விளையாடினா பாக்குறவங்க கைதட்ட மாட்டாங்க மாஸ்டர்."

ஆறு தையல்

பந்து எங்கே வரும் என்று தெரிந்தால் எதிராளி சும்மா நிற்பானா? இரண்டு பேர் சிவாவை நடுவில் வைத்து ஒன்றாகக் குதித்தார்கள். புருவத்தில் ஆறு தையல். ஒரு வாரம் வேலைக்கே போகவில்லை. பார்க்க அவன் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அவன் மனைவி கலா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். ஃபுட்போல் பார்த்தே இராத அந்தப் பெண் கேட்டாள்:

"பத்துப் பேரு கால வச்சிக்கிட்டு ஓடுறீங்க, எல்லாத்துக்கும் எம்புருஷன் மண்டதான் வேணுமாங்க?"

அரையிறுதி

சிவா இல்லாத மேட்ச். இனியாவது மாறுவார்கள் என்று நம்பினேன். முதல் பாதி முழுக்க, ஆளே இல்லாத இடத்துக்குத் தூக்கி அடித்தார்கள்! இடைவேளையில் தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு இடது ஓரத்தில் மோகன் பந்தை உருட்டிக்கொண்டு போய், இரண்டு பேரை ஏமாற்றி உள்ளே கொடுத்தான். கோல்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாப் பந்தும் மோகனுக்கு. வலது பக்கம் வெறிச்சோடிக் கிடக்க, மூன்று பேர் சூழ்ந்து நிற்கும் மோகனுக்கே மறுபடி மறுபடி. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். ரிஸ்வானை நான் முறைத்த முறைப்புக்கு அவனுக்கும் கோபம் வந்துவிட்டது.

"மாத்தி விளையாடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, மாத்திட்டோம்தானே!"

ஒரே வழியில் முட்டிக்கொண்டிருந்த ஒரு டீமை, ஏழு வருஷம் பாடுபட்டு, வேறொரு ஒரே வழியில் முட்ட வைத்த பயிற்சியாளன் இந்தச் சப்ரகமுவ மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.