கோடம்பாக்கத்தில் இறங்காதவன்

எண்பதுகளில் தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதில் என் நண்பன் ஒருவன் வயலின், நான் தபேலா. அவனுக்கு ஒல்லியான உடம்பு, இடது தாடைக்குக் கீழே வயலின் அழுத்தி அழுத்திக் கறுத்த தழும்பு. எந்தப் பாட்டையும் ஒரு தடவை கேட்டாலே வாசித்துவிடுவான். மின்சார ரயிலில் வயலின் பெட்டியை மடியில் வைத்திருப்பான். அதன் மேல் அவன் விரல்கள் வாசித்துக்கொண்டே வரும்.

கோடம்பாக்கத்தில் ஓர் இசையமைப்பாளர் வயலினுக்கு ஆள் தேடினார். கெஞ்சிக் கூத்தாடி இவனுக்கு நேரம் வாங்கினேன். அன்று காலை சேர்ந்துதான் ரயிலேறினோம். கோடம்பாக்கத்தில் நான் இறங்கிவிட்டேன். அவன் எழுந்திருக்கவே இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "டேய், எறங்குடா! அவரு வெயிட் பண்ணிக்கினு இருப்பாரு."

"நீ போ மச்சான். தாம்பரத்துல வயலின்னா நான்தான். அங்க போனா பத்தோட பதினொண்ணு."

"மொதல்ல வந்து வாசிச்சுக் காட்டுடா!"

வண்டி நகர்ந்துவிட்டது. அவன் விரல்கள் பெட்டியின் மேல் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷன். வந்தவர்களும் குழுவில் மற்றவர்களும் பந்திக்குப் போயிருந்தார்கள்; மேடையில் நாங்கள் இருவர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவன் தடுமாறட்டும் என்றே பாட்டின் நடுவில் வேகத்தைக் கூட்டினேன். ஒரு சுரம் பிசகாமல் கூடவே வந்தான். இன்னும் கூட்டினேன். கண்ணைக்கூடத் திறக்காமல் வந்தான்.

கடைசியில் கை ஓய்ந்து நான்தான் வேகத்தைக் குறைத்தேன். எதிரே அத்தனை நாற்காலிகளும் காலி. அப்படி ஒரு வாசிப்பைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.