சலூன்காரர் வளர்த்த புதினா

இடது கைச் சீப்பால் புதினாவின் தலையை நிமிர்த்தி, வலது கைக் கத்தரிக்கோலால் சரக் சரக்கென்று மட்டம் தட்டிக்கொண்டிருப்பார் சலூன்காரர். முந்தாநாள் வரை, கடை திறக்கப் போகுமுன் தினமும் இதுதான் வேலை. மாடியில் குடியிருக்கும் எனக்கு அவர் தோட்டம் முழுக்கத் தெரியும். தோட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கொல்லைப்புறத்தில் நாலு பாய் விரிக்கிற இடம், அவ்வளவுதான்.

யாரோ கொடுத்த காம்புகளைத் தொட்டியில் வைக்காமல் நேரே தரையில் ஊன்றினார். அது முதல் தப்பு. வளர வளரத் தலையைக் கத்தரித்தது அதைவிடப் பெரிய தப்பு. வெட்டினால் கட்டுக்குள் நிற்கும் என்பது அவர் தொழில் புத்தி. புதினாவோ ஒரு நுனி போனால் ரெண்டு நுனி விட்டது. அடியில் வேர் சத்தமில்லாமல் ஊர்ந்து, குழாயடியைச் சுற்றிக்கொண்டு, துவைக்கிற கல்லையும் தாண்டி, அவர் மனைவியின் ரோஜாப் பாத்திக்குள் புகுந்துவிட்டது.

"வேரோட பிடுங்குங்க அண்ணே," என்று மேலேயிருந்து சொல்லிப் பார்த்தேன்.

"அட போங்க தம்பி! ஓரத்தை ஒட்ட வெட்டினா தானா அடங்கிடும்."

வழுக்கைத் தலைக்கும் நம்பிக்கை சொல்லிப் பழகிய வாய். ஆனால் விஷயம் அதுவல்ல. இன்னொரு நாள் அவரே சொன்னார்: "மாதுளை வெச்சேன், பட்டுப்போச்சு. எலுமிச்சை வெச்சேன், கருகிப்போச்சு. என் கைராசிக்குப் பொழைச்சது இது ஒண்ணுதான். இதைப் போய்ப் பிடுங்கச் சொல்றீங்களே!" முடி வெட்ட வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கட்டு இலவசம். வேண்டாம் என்றால் முகம் சுண்டிப்போகும்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் ரோஜாவைத்தான் போய்ப் பார்ப்பார். நாளெல்லாம் நோயாளி முகங்களைப் பார்த்த கண்ணுக்கு அது வேண்டியிருந்தது. இந்த முறை மொட்டே வைக்கவில்லை. இலைகளும் பழுத்து உதிர்ந்தன. நேற்றுக் காலை பொறுமை போய்விட்டது.

"இடம் குடுத்தா மடத்தைப் பிடுங்கும்னு சும்மாவா சொன்னாங்க? சாயந்தரம் நான் வரும்போது இதுல ஒண்ணு இருந்தாலும், ரோஜாவைப் பேர்த்துக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனைக்காதீங்க."

அவர் விளையாட்டாக நினைக்கவில்லை. கடையைத் திறக்காமல் கடப்பாரையை எடுத்தார். வெயில் ஏறியது, வேர் நூல்கண்டு போல வந்துகொண்டே இருந்தது. பிடுங்கியதை ஓரமாகக் குவித்தார். தெருமுனை வரை மணந்தது. மத்தியானம் ஒருதரம் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மனைவி வந்து ரோஜாவின் அடிமண்ணைக் கிளறிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"எல்லாம் போச்சா?"

"எல்லாம் போச்சு," என்றார் அவர் குழாயடியில் நின்றபடி. "வேணும்னா நீயே தேடிப் பாரு."

மனைவி நிமிர்ந்து தோட்டத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். குழாய்க்குக் கீழே, ஈரமண்ணில், இரண்டே இலையோடு ஒரு துளிர் நின்றிருந்தது. மனைவியின் கண் அங்கே வருமுன் சலூன்காரர் அதை நசுக்கிவிடாமல், குதிகாலை மட்டும் ஊன்றி, உள்ளங்காலைக் குடைபோல வளைத்து மேலே கவிழ்த்தார்.