மண்டபத்து வாக்கெடுப்பும் குகனின் கண்ணாடியும்

1. வெறும் பெட்டி

வாக்களிப்பு நிலையத்தில் காலையில் செய்யும் முதல் வேலை, வெறும் பெட்டியைத் திறந்து, அங்கே நிற்பவர்களுக்குக் காட்டுவது. பிறகுதான் சீல். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஏழு பொதுத்தேர்தல்களில் நான் இதைச் செய்திருக்கிறேன். மற்ற நாட்களில் ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை. தேர்தல் வந்தால் சான்ட்ரிங்ஹாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்கு நிலையப் பொறுப்பாளர். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. அட்டைத் தடுப்புகள், மேசையில் விரித்த ரோல் என்கிற வாக்காளர் பட்டியல், வாக்குப் போட்டவர்களுக்குக் கொடுக்கும் ஸ்டிக்கர். சின்னப் பிள்ளைகள் அந்த ஸ்டிக்கருக்காகவே தாய் தகப்பனை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

ஒழுங்கு விஷயத்தில் நான் கொஞ்சம் கடும்பிடி. என்னிடம் வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் வாக்கை முற்கூட்டியே போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். "உங்கட வாக்கைப் போடாமல் மற்ற ஆக்களின்ரை வாக்கைத் தொடக்கூடாது" என்று முதல்நாளே சொல்லிவிடுவேன். இரண்டு தேர்தல்களில் என்னோடு ரோல் பார்த்த தாரணிக்கும் அதைச் சொல்லியிருக்கிறேன். அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாளும் பிந்தி வந்ததில்லை.

2. மகேந்திரன் கொண்டுவந்த வேலை

நான் ஓய்வுபெற்று இரண்டாம் வருடம், எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் மகேந்திரன் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை விஷயத்துக்கு வரவில்லை.

"ராணி அக்கா, எங்கட குகன்ரை பிள்ளை தாரணி சங்க மண்டபம் கேக்கிறா. கலியாணத்துக்கு."

"நல்ல விஷயம்தானே. குடுங்கோவன்."

"மாப்பிள்ளை இல்லை அக்கா. மற்றதும் பொம்பிளைப் பிள்ளை. மேகலா எண்டு, மலேசியாப் பிள்ளை, பிளாட் புஷ்ஷிலை இருக்கினம். கமிட்டியிலை பாதிப்பேர் ஓம் எண்டினம், பாதிப்பேர் ராஜினாமா எண்டினம். அதுதான் சனத்திட்டையே விட்டிடுவம் எண்டு முடிவெடுத்தனாங்கள். நீங்கள் நடத்தினா ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

இந்த நாட்டில் இப்படிக் கலியாணம் செய்யும் உரிமையைப் பொதுசனத்திடம் வாக்குக்கு விடவில்லை. பாராளுமன்றமே சட்டமாக்கிவிட்டது. பக்கத்தில் ஆஸ்திரேலியாவில்தான் வீடுவீடாகத் தபால் அனுப்பிக் கேட்டார்கள். அதைப் பற்றி நான் அப்போது தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. சனத்தைக் கேட்பதில் என்ன பிழை என்றுதான் நினைத்தேன். மகேந்திரனுக்கும் ஓம் என்றேன். உண்மையைச் சொன்னால், என்னைத் தேடி வந்துவிட்டார்களே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

தாரணிக்கு அந்த மண்டபம் வெறும் வாடகை மண்டபம் அல்ல. மேடையேறி முதல் தேவாரம் பாடியது அங்கே. பதினாறு வயதில் தாயைப் பறிகொடுத்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு போட்டதும் அங்கேதான். அன்று அவளுக்குச் சோறு குழைத்துத் தீத்திவிட்டதே நான்தான். குகன் பஸ் ஓட்டி அவளைத் தனியாக வளர்த்தார்.

அவளைத் தொலைபேசியில் கேட்டேன். "சட்டத்திலை உனக்கு இடம் இருக்குமே பிள்ளை?"

"இருக்கலாம் ஆன்ட்டி. ஆனா லோயர் லெட்டரோடை போய் அந்த ஹோலிலை மாலை மாத்தவே? அவையள் வா எண்டு கூப்பிடவேணும். அம்மா இருந்த இடம்."

3. ஒரு குடும்பம், ஒரு வாக்கு

எங்கள் சங்கத்தில் அங்கத்துவம் குடும்பத்துக்கு ஒன்று. வாக்கும் குடும்பத்துக்கு ஒன்று. சந்தா யார் பெயரிலோ அவர் பெயரிலேயே வாக்கு. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான், அதை ஒருவரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை. பெரும்பாலும் ஆண்கள் பெயர். என் கணவர் போனபிறகு எங்கள் வீட்டு வாக்கு என் பெயருக்கு வந்திருந்தது.

வாக்கெடுப்பு வைத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் சீட்டு அடித்தேன். கேள்வி ஒன்று: ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்கு மண்டபத்தைக் கொடுக்கலாமா? ஆம், இல்லை. பெட்டியைத் திறந்து காட்டி சீல் வைத்தேன். தமிழ்நாட்டு ரமேஷ் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏங்க, ஒரு ஹாலுக்கு இவ்வளவு சீலா? எங்க ஊர் எலெக்‌ஷன்ல கூட இவ்வளவு பாக்கலைங்க."

பதினொரு மணி போல் தாரணி தகப்பனோடு வந்தாள். வரிசையில் நின்று என் மேசைக்கு வந்ததும் கையை நீட்டினாள்.

ரோலைப் பார்த்தேன். குகன் பெயர்தான் இருந்தது.

"அப்பான்ரை பேரிலைதான் இருக்கு பிள்ளை. உனக்குச் சீட்டுத் தர ஏலாது."

"இது என்ரை கலியாணம், ஆன்ட்டி."

"ரூல் அப்பிடி."

அவள் ஒதுங்கி நின்றாள். குகனிடம் சீட்டைக் கொடுத்தேன். அவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். தன் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், காது சிவந்துவிட்டது.

"அக்கா, கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். எழுத்துத் தெரியேல்லை. ஆரும் உதவிக்கு வரலாமோ?"

கண்ணாடிக்கூடு அவருடைய சட்டைப்பையிலிருந்து அரைவாசி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கும் தெரிந்தது, பின்னால் நின்றவருக்கும் தெரிந்தது. ஆனால் கண் தெரியவில்லை என்று ஒரு வாக்காளர் சொன்னால் அதற்குச் சாட்சி கேட்கும் அதிகாரம் எந்தப் பொறுப்பாளருக்கும் இல்லை.

"விரும்பின ஒராளைக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்றேன்.

தகப்பனும் மகளும் தடுப்புக்குப் பின்னால் போனார்கள். பேனையை யார் பிடித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது. ஆனால் பெட்டிக்குள் சீட்டைப் போட்டது தாரணி.

4. எண்ணிக்கை

நாலு வாக்கால் ‘ஆம்’ தோற்றது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் முடிவை எழுதி ஒட்டினேன். இல்லை என்று நின்றவர்கள் என்னிடம் வந்து, "நல்ல நேர்மையா நடத்தினியள் அக்கா" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன்.

கதிரை அடுக்கும்போது தாரணி வந்து உதவினாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கூட்டம் முடிந்தால் கதிரை அடுக்காமல் வீட்டுக்குப் போகமாட்டாள். அழவில்லை.

"ஆன்ட்டி, இனிப் பொங்கலுக்கு வந்தா ஒவ்வொரு முகமாப் பாப்பன். இல்லை எண்டு போட்டது இவரா, இவவா எண்டு. எல்லாரும் எனக்குச் சோறு போட்ட ஆக்கள்." பிறகு, "நீங்கள் என்ன போட்டனீங்கள்?" என்றாள்.

"நான் போடேல்லைப் பிள்ளை. நடத்திற ஆள் போடக்கூடாது."

கையிலிருந்த கதிரையை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எலெக்‌ஷனிலை முதல்நாளே எங்களைப் போட வைச்சனீங்கள்தானே ஆன்ட்டி?"

என் பெயர் ரோலில் இருந்தது. சீட்டு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆம் என்று போட்டால் எதிர்க்கிறவர்கள் முகம் சுழிப்பார்களோ, இல்லை என்று போட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேன். இரகசிய வாக்கு என்று ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கே பயம். அந்தப் பயத்துக்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டேன். என் ஒரு வாக்கால் முடிவு மாறியிருக்காது, அது வேறு கதை. பொய்யே வராத குகன் மகளுக்காகச் சபையில் ஒரு பொய் சொன்னார். நான் எனக்காகச் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

5. ஹில்ஸ்பரோ

கலியாணம் ஹில்ஸ்பரோவில், குகன் வீட்டுப் பின்வளவில் நடந்தது. வாடகைக் கூடாரம், வாழைமரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் தோரணம். என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். தாரணியே வந்து அழைப்பிதழ் தந்தாள். மகேந்திரனும் வந்திருந்தார், பந்தியில் பருப்புக் கறி பரிமாறினார். மேகலா வாசலில் என்னைக் கண்டதும், "வாங்க ஆன்ட்டி, தாரணி உங்களப் பத்தி நிறைய சொல்லியிருக்கா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தபடி போனேன்.

தாலிக்குப் பிறகு, திருமணப் பதிவு செய்ய வந்த அம்மா படிவத்தை மேசையில் வைத்தார். சாட்சி இரண்டு பேர் வேண்டும். குகன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், வேட்டித் தலைப்பில் துடைத்தார், போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்துக் கையெழுத்து வைத்தார்.

"அண்டைக்கும் இது பொக்கற்றிலைதான் இருந்தது அக்கா" என்றார் மெல்ல.

"கண்டனான்" என்றேன்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பெட்டியைத் திறந்து காட்டலாம், சீலும் ஒழுங்காக வைக்கலாம். அதற்கு முன்னால், இந்தக் கேள்வியைச் சனத்திடம் கேட்க எங்களுக்கு என்ன உரிமை என்று பொறுப்பாளர் கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை. ஏழு தேர்தல் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை.

இரண்டாவது சாட்சியின் கோடு வெறுமையாக இருந்தது. தாரணி பேனையை என் பக்கம் நீட்டினாள். என் கண்ணாடியை நான் உண்மையாகவே வீட்டில் விட்டுவந்திருந்தேன்.

"எங்கை பிள்ளை வைக்கிறது?" என்று கேட்டேன். அவள் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். கையெழுத்தைப் போட்டேன்.