வடை மணத்தோடு ஓடிய கேம்பிரிட்ஜ் கார்

ஓடாத காரைக் கண்டால் ஒரு யோசனை சொல்லாமல் கடந்து போகிற மனிதர் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அத்தனை யோசனையையும் காதில் வாங்கிக்கொண்டு, கையில் பிடித்த நட்டைத் தவறவிடாமல் இருப்பதுதான் மெக்கானிக் தொழில். கிறீஸ் பிரண்ட கையோடு பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்களும் வாசிக்கலாம். யோசனை மட்டும் சொல்ல வேண்டாம்.

கோழி குடியிருந்த கார்

சண்டையும் தடையுமாகப் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்றுபோன காலம். மருதனார்மடம் சந்தியில் வாடகைக் கார் ஓடிய ராசையா அண்ணை, தன்னுடைய பழைய கேம்பிரிட்ஜ் என்ற இங்கிலீசுக் காரை எல்லாரையும் போல மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஓடி ஓடி வால்வு எரிந்து எஞ்சின் கைவிட்டது. காரைக் கல்லில் ஏற்றி வைத்துவிட்டு, சைக்கிளில் விறகு கட்டி விற்கப் போனார். பின் சீற்றில் கோழி அடை கிடந்தது.

ஒருநாள் அச்சுவேலியில் பின்பக்கம் நசுங்கிக் கிடந்த ஒரு ஜப்பான் வான் வண்டியைக் கண்டுவிட்டு, மூச்சு வாங்க என்னிடம் ஓடிவந்தார். போய்ப் பார்த்தேன். முன்னால் ரேர்போ டீசல் எஞ்சின், ஒரு கீறல் இல்லாமல்! டீசல் எஞ்சின் என்றால் மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெய் கலந்து ஊற்றினாலும் ஓடும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். அண்ணை தன் பழைய எஞ்சினையும் மனைவி மகேசுவின் தையல் மெசினையும் கொடுத்து அந்த எஞ்சினைக் கியர்பொக்ஸோடு எடுத்தார். இனித் திரும்பிப் போக வழியில்லை. ஓடினால் கார், ஓடாவிட்டால் கோழிக்கூடு.

செய்தி கேட்டுச் செல்லத்துரையார் வந்தார். நான் தொழில் பழகிய கராஜின் முதலாளி. வந்த வாடிக்கைக்காரர் எல்லாரும் கேட்க, "உனக்கு ஸ்பானர் எடுத்துக் குடுக்கத்தான் கை இருக்கு, வேலை செய்ய இல்லை" என்று சொல்லி என்னை அனுப்பியவர். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை. காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் அங்கே நிற்காதது போல அண்ணையிடம் சொன்னார்: "ராசையா, உவன்ரை கதையைக் கேட்டு உந்த எஞ்சினைப் பூட்டினியெண்டால், காரின்ரை முன்பக்கம் தனிய ஆசுப்பத்திரிக்குப் போகும். பின்பக்கம் இஞ்சை கோழியோடை நிக்கும்."

துலாவில் தொங்கிய எஞ்சின்

எஞ்சினைத் தூக்கச் சங்கிலிக் கப்பி வேண்டும். அந்த வட்டாரத்தில் அது செல்லத்துரையாரிடம் மட்டும் இருந்தது. அவரிடம் கேட்பதைவிடப் பல்லால் தூக்கலாம் என்று இருந்தேன். அப்போதுதான் அண்ணை வீட்டுக் கிணற்றடியைப் பார்த்தேன். தண்ணீர்ப் பம்புக்கு எண்ணெய் இல்லாமல் சனம் பழையபடி, ஆள் மேலே ஏறி நடந்து இறைக்கிற துலாவுக்குத் திரும்பியிருந்த நேரம். நல்ல வைரமான பனந்துலா. வாளி தொங்குகிற இடத்தில் எஞ்சின் தொங்காதா?

கிணற்றோரமாகக் காரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினோம். எஞ்சினைக் கயிற்றில் கட்டினோம். பக்கத்துத் தோட்டக்காரர் மூன்று பேர் துலாவில் ஏறி, தண்ணீர் இறைக்க மிதிப்பது போலப் பின்பக்கமாக நடந்தார்கள். எஞ்சின் எழும்பியது! ஆனால் துலாவின் பழக்கம் விடுமா? எழும்பின கையோடு கிணற்று வாய்ப் பக்கமே அசைந்தது. நானும் அண்ணையும் பக்கக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினோம். துலா கிறீச்சிட்டது. மேலே நின்றவர்களில் ஒருவர் முருகனைக் கூப்பிட்டார். வேலியோரம் நின்ற மகேசு தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "மணியண்ணை, மெல்ல விடுங்கோ. தொங்குறது என்ரை தையல் மெசின்."

இறக்கம் இல்லாத ஊர்

வெல்டிங்குக்கு மின்சாரம் இல்லை. கழற்றிப் போட்டிருந்த ரயில் பாதைத் தகடுகளை அறுத்து, துளை போட்டு, கிணற்றுக்குத் தப்பிக் காருக்குள் இறங்கிய எஞ்சினை நட்டும் போல்ட்டுமாகவே பூட்டினேன். அதிராமல் இருக்க லொறி ரயரை வெட்டி அடியில் கொடுத்தேன். எண்ணெய்த் தட்டு ஸ்ரியறிங் தண்டில் முட்டியது. அதைத் தட்டித் தட்டிப் பள்ளமாக்கினேன். ஒருவழியாக எஞ்சின் குந்தியது. பொனெற் மூடியதும் நான் அதன்மேல் தாளம் போட்டதை மகேசு இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஸ்ரார்ட் பண்ண பற்றறி இல்லை. மற்ற ஊர் என்றால் காரை ஒரு இறக்கத்தில் விடலாம். யாழ்ப்பாணத்தில் எந்த இறக்கத்தைத் தேடுவது? ஒழுங்கையில் குடியிருந்த சனம் முழுவதும் சேர்ந்து தள்ளியது. இரண்டாம் கியரில் விட்டேன். முக்கியது, இருமியது, கறுப்பாக ஒரு புகை தள்ளியது. பிறகு பிடித்தது பாருங்கள், கட கட கடவென்று, காலுக்குக் கீழே நிலம் நடுங்குகிற மாதிரி! நான் கத்தின சத்தத்தில் கோழியெல்லாம் வேலிக்கு மேலே. பின்னால் நின்று தள்ளிய கந்தையா வாத்தியார் ரோட்டிலேயே குந்திக்கொண்டு சொன்னார்: "மணியம், சந்தோசம். ஆனால் இனி நிப்பாட்டிப் போடாதை. இன்னொருக்காத் தள்ள என்னட்டைச் சீவன் இல்லை."

வைரவருக்கு வந்த மணம்

முதல் ஓட்டத்துக்கு முன் காரைச் சந்தி வைரவர் கோயிலுக்குக் கொண்டுபோனோம். காரின் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தியாயிற்று. எஞ்சினை நிறுத்தப் பயந்து ஓடவிட்டே வைத்திருந்தேன். தேங்காயெண்ணெய் எரிகிற புகை கோயில் முழுக்கப் பரவியது. சட்டியில் வடை பொரிகிற அதே மணம்.

வைரவர் என்றால் வடை மாலை. ஆனால் உழுந்து கிடைக்காமல் அந்த வைரவர் வடை மாலை போட்டுப் பல மாதம். மணம் பிடித்ததும் பக்கத்து வீடுகளிலிருந்து சனம் வந்து வரிசையில் நின்றது. ஐயரே ஒருமுறை மடைப்பள்ளிப் பக்கம் எட்டிப் பார்த்தார். விசயம் தெரிந்ததும் சிலர் முகம் சுருங்கிப் போனார்கள். ஒரு கிழவர் மட்டும் காரின் பின்பக்கம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் காரை எடுக்கப் போக, கையைக் காட்டி மறித்தார்: "பொறு தம்பி. வாய்க்குத்தான் இல்லை, மூக்குக்கெண்டாலும் இன்னும் கொஞ்சம் விடு."

வானத்திலும் இல்லை, நிலத்திலும் இல்லை

ரேர்போ என்பது புகை போகிற வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அடித்துத் தள்ளுகிற ஒரு சின்னச் சுழலி. அது சுழன்றால் விசில் கேட்கும். அதன் காற்றுக் குழாயில் வெடிப்பும் இருந்தால் பெரிதாகக் கேட்கும். சந்தை கலைகிற நேரம். அண்ணை காலை அழுத்த, கார் பாய்ந்தது. கேம்பிரிட்ஜ் கார் அப்படிப் பாய்ந்ததை நான் என் சீவியத்தில் கண்டதில்லை! விசில் ஏறிக்கொண்டே போனது. சந்தையில் ஒருவர் குண்டு போடுகிற பிளேன் என்று நினைத்து "பொம்பர்!" என்று கத்தினார். கத்தரிக்காய்க் கூடைகள் உருண்டன. சனம் குண்டுக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தது. அதைப் பார்த்த நாங்களும் எஞ்சினை நிறுத்தாமல் காரை நடுரோட்டில் விட்டுவிட்டுப் பங்கருக்குள் பாய்ந்தோம்.

உள்ளே எல்லாரும் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தோம். வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிளேன் போய்விட்டது என்று வெளியே வந்தோம். அண்ணை ஏறிக் காலை அழுத்தினார். விசில். மறுபடி சனம் பங்கருக்குள். அண்ணையும் கதவைத் திறக்கப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்தேன், அப்போதுதான் எனக்கு விளங்கியது. பங்கர் வாசலில் தலையை நீட்டிய மரக்கறி ஆச்சிக்கும் விளங்கிவிட்டது. "நான் சாவு வானத்தாலை வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன், உது ராசையான்ரை காரிலை ஏறியெல்லோ வருது!"

நடுச் சீற்று

குழாயைச் சைக்கிள் ரியூப்பால் சுற்றிக் கட்டியதும் விசில் அடங்கியது. வாடகை ஓட்டம் தொடங்கியது. ஒரே குறை, புது கியர்பொக்ஸின் கம்பி முன் சீற்றின் நடுவில் முளைத்து நின்றது. நடுவில் இருப்பவர் கியருக்குக் கியர் காலை ஒதுக்க வேண்டும். கொழும்புத்துறை மீன் வியாபாரி ஒருவர், பெரிய வயிறு, பாதி வழியில் பொறுமை இழந்தார்: "தம்பி, நாலாம் கியர் போடுறதெண்டால் முதலே சொல்லு, நான் இறங்கி ஏறுறன்."

ஆசுப்பத்திரி ஓட்டம்

ஒருநாள் காலமை செல்லத்துரையாரின் மகன் சைக்கிளில் பறந்து வந்தான். தகப்பனுக்கு வயிற்றுக் குத்து, ஆள் சுருண்டு கிடக்கிறார், உடனே யாழ்ப்பாண நகரத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவருடைய கராஜில் நின்ற வாகனம் ஒன்றிலும் எண்ணெய் இல்லை. அண்ணை என்னைப் பார்த்தார். "நீயும் ஏறு மணியம், நடுவழியிலை நிண்டால் தள்ள ஆள் வேணும்."

கோழி அடை கிடந்த அதே பின் சீற்றில் அவரைக் கிடத்தினோம். காரின் முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்தே புறப்பட்டன. அதை அவருக்குச் சொல்ல வாய் உன்னியது. மகன் அழுதுகொண்டிருந்தான், விட்டுவிட்டேன். அண்ணை அழுத்தினார். ரேர்போ பிடித்து இழுத்தது. குண்டும் குழியுமான ரோட்டில் தண்டவாளத் தகடு ஒரு முனகல் முனகவில்லை. பயத்தோடு பயமாக எனக்கு உள்ளுக்குள் துள்ளல். "நல்லாயிருக்கு" என்று அந்த மனிதன் வாயால் ஒரு சொல் வர வேண்டும். பின்னால் அனுங்கல் சத்தம் நின்றுபோனது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கதவோடு வைத்துக்கொண்டு கிடந்தார்.

போய்ச் சேர்ந்தோம். எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றும்போது விரலால் என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய் வாய்க்குக் கிட்டக் காதைக் கொடுத்தேன். அத்தனை வருசத்துக் கணக்கும் தீரப்போகிறது என்று நினைத்தேன். செல்லத்துரையார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "முன் இடது சில்லிலை ஒரு ஆட்டம் இருக்கு. ராசையாவைக் கொல்லாமல் போய்க் கழட்டிப் பார்."

அவர் சுகமாகித் திரும்பி வந்தார், காரும் சண்டையில் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள்வரை ராசையா அண்ணைக்குச் சோறு போட்டது. ஆனால் அன்றைக்குப் பின்னேரம் அந்தச் சில்லைக் கழற்றியபோது உள்ளே சில்லைச் சுழலவிடுகிற பெயரிங் உண்மையாகவே தேய்ந்து கிடந்ததே, அதற்கு மட்டும் அந்த மனிதனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.